பூட்டிக் கிடந்த வளவில் ஒரு கல்யாணம்: வேலைக் குறிப்புகள்

தை மாதம் தங்கச்சி கல்யாணம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) வீட்டு வளவிலேயே, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய பத்தியும் அறைகளுமான பகுதியிலேயே, நடந்து முடிந்தது. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரும் பாத்திரங்களும் திரும்பிப் போய்விட்டன. கணக்கு நோட்டும் அளவு குறித்த தாள்களும் கையில் இருக்கின்றன. ஊரில் பெரிய வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளைகள் கல்யாணத்தை அங்கே வைப்பதா, சென்னையில் மண்டபம் பிடிப்பதா என்று யோசிக்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுக்குப் பயன்படும் என்று வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீடுகளைக் கட்டியவர்கள் கல்யாணத்தை மனதில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். முகப்பில் வந்தவர்கள் உட்கார இடம், வளவில் சடங்கு, அதற்கு அடுத்த பகுதியான இரண்டாங்கட்டில் பந்தி, மூன்றாங்கட்டில் அடுப்படி, சாமான் வண்டி வந்து நிற்கப் பின்தெருவில் ஒரு வாசல். வீட்டின் போக்கிலேயே நாங்கள் செய்த வேலைகள் நின்றன. அதற்கு எதிராகச் செய்தவை நிற்கவில்லை.

வீட்டில் எட்டுப் பங்கு. பங்காளிகள் கோலாலம்பூர், சிங்கப்பூர், சென்னை, மதுரை என்று பிரிந்து கிடக்கிறார்கள். கூரை ஓட்டில் கை வைக்க வேண்டுமானால் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) ஒவ்வொருவரிடமும் போனில் பேசினார். பேச்சோடு விடாமல் ஒரு பக்கத்துக்கு ஒரு கடிதமும் எழுதினோம்: என்ன வேலை, யார் செலவு, எந்தெந்த அறைகளைத் திறப்போம், கல்யாணம் முடிந்ததும் எந்த நிலையில் ஒப்படைப்போம். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினோம். திறந்த அறை ஒவ்வொன்றையும் திறந்த அன்றே போட்டோ எடுத்துப் பங்காளிக்கு அனுப்பினோம். கூரையும் வாய்க்காலும் எல்லாருக்கும் பொது என்பதால் அந்தச் செலவில் பாதியைப் பங்குப்படி பிரித்துக்கொள்ள அவர்களாகவே முன்வந்தார்கள். கடிதம் இல்லாமல் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் அளவு. 100 அடி நாடாவும் ஒரு லேசர் மீட்டரும் வைத்துக்கொண்டு வீடு முழுக்க அளந்தோம். வளவு வாசல் (நடுவில் வானம் தெரியும் முற்றம்) 46 அடிக்கு 20 அடி. சுற்றிலும் பத்தி (கூரை போட்ட நடை) 9 அடி அகலம். தாழ்வார விளிம்பு தரையிலிருந்து 10 அடி 4 அங்குலம். சாப்பாட்டுக் கூடம் 60 அடிக்கு 18 அடி. முகப்புத் தளம் தெருவைவிட 4 அடி உயரம், பின்வாசல் ஒன்றேகால் அடிதான். இதை ஒரே தாளில் வரைந்து பந்தல்காரர், எலக்ட்ரீஷியன், சமையல் மேஸ்திரி மூவருக்கும் நகல் கொடுத்தோம். முதலில் வந்த அலங்காரக்காரர் ஒருவர் தாளைப் பார்க்கவே இல்லை. தூண்களைச் சுற்றி பிளைவுட் அடித்து அரண்மனை மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றார். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருப்பதற்கு இந்தத் தூணும் தளமும் ஓடும் ஒரு காரணம். பர்மா தேக்கை மூடிவிட்டுப் பிளைவுட்டைக் காட்டுவதில் எங்களுக்கு மனமில்லை. அவரை விட்டுவிட்டுக் காரைக்குடிப் பூக்காரர் ஒருவரிடம் மாலையும் தோரணமும் மட்டும் சொன்னோம். ஆணி கூடாது, ஒட்டுநாடா கூடாது, எதைக் கட்டினாலும் பருத்தி நாடாவில் கட்ட வேண்டும் என்பதே அவருக்குச் சொன்ன ஒரே விதி.

ஓட்டு வேலையை ஆடியில் தொடங்கினோம். அதற்குக் காரணம் ஐப்பசி மழை. தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில் ஓடு மாற்றினால் அது ஒழுகுமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே முடித்துவிட்டால் மழைக்காலமே சோதித்துச் சொல்லிவிடும். எங்கள் பக்கத்து வீடுகளில் நாட்டு ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியிருப்பார்கள். அதனால்தான் உள்ளே குளுமை. இடுக்குகளில் அரசங்கன்று முளைத்திருந்தது. கன்றைப் பிடுங்கினால் வேர் உள்ளேயே நின்று மறுபடி தழைக்கும். அந்த இடத்து ஓடுகளைப் பிரித்து, வேரை அடிவரை எடுத்துவிட்டுத்தான் திரும்ப அடுக்க வேண்டும். உடைந்தவை ஏறக்குறைய 1,400. புது ஓடு அளவு ஒத்துவரவில்லை. இடித்த வீட்டு ஓடுகளைக் காரைக்குடியில் வாங்கினோம், ஒன்று 8 ரூபாய். ஆள் கூலி, சாரம், சட்டம் மாற்றிய மரம் எல்லாம் சேர்த்து ஓட்டுக்கு மட்டும் 1,85,000 ரூபாய்.

ஐப்பசி மழையில் வளவின் இரண்டு மூலைகளில் ஒழுகியது. இரண்டும் கூடல்வாய், அதாவது இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் இடம். கொத்தனார் அங்கே சிமெண்டை அப்பியிருந்தார். மரச்சட்டம் வெயிலில் சுருங்கும், ஈரத்தில் உப்பும். சிமெண்ட் அசையாது, ஆகவே வெடித்துவிட்டது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, 18 அங்குல அகல அலுமினியத் தகட்டை ஓட்டுக்கு அடியில் வாய்க்கால் போல வளைத்துப் போட்டோம். அதன்பின் கார்த்திகை முழுக்க ஒரு சொட்டு இல்லை. நான்கு மூலைக்கும் முதலிலேயே தகடு போட்டிருந்தால் 9,000 ரூபாயில் முடிந்திருக்கும்.

கூரையைப் பார்க்கிறவர்கள் வளவின் நீர்ப்போக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நாலு பக்கச் சரிவிலிருந்தும் தண்ணீர் வளவுக்கு வந்து, தளத்துக்கு அடியில் போகும் தூம்பு வழியே தெரு வாய்க்காலுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் போகும்படி இந்த ஊர்களையே அமைத்திருக்கிறார்கள். எங்கள் தூம்பு மண்ணும் இலையுமாக இறுகிக் கிடந்தது. பம்பில் அடித்துப் பார்த்ததில் தண்ணீர் திரும்பி வந்ததே தவிர அடைப்பு நகரவில்லை. ஊர்க்காரர் ஒருவர் மூங்கில் பிளாச்சுகளை ஒன்றோடொன்று கட்டி நீளமாக்கி, நுனியில் சாக்குத் துணி சுற்றி, இரண்டு முனையிலிருந்தும் மாறி மாறி இழுத்தார். மாலைக்குள் தண்ணீர் ஓடியது. கூலி 2,500 ரூபாய். மொத்த வேலையில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தந்தது வேறெதுவும் இல்லை.

தளம் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சிமெண்டை அச்சில் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கையால் செய்வது. சூளையில் சுடுவதில்லை. பளபளப்பு கண்ணாடியிலிருந்தும், பிறகு கால்பட்டுக் கால்பட்டும் வருவது. அதனால் ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் அருகில் வரக்கூடாது. சுத்தம் செய்ய வந்தவர்கள் கொண்டுவந்த பாட்டில்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டோம். வெறும் தண்ணீர், தேங்காய் நார், அப்புறம் ஈரம் காய்ந்ததும் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பு. இரண்டாம் தடவை துடைத்தபோதே சிவப்பும் மஞ்சளும் எழுந்து வந்தன.

வளவுப் பத்தியில் 22 கற்கள் உடைந்திருந்தன. ஆத்தங்குடியில் அதே வடிவம் கிடைத்தது, ஆனால் புதுக்கல்லின் சிவப்பு பழசின் பக்கத்தில் பளிச்சென்று உறுத்தியது. சாமான் அறையில் இருந்த பழைய கற்களைப் பெயர்த்து வளவுக்கும், புதுசைச் சாமான் அறைக்கும் மாற்றினோம். யோசனை சரிதான், பெயர்ப்பதுதான் கடினம். கீழே சுண்ணாம்புக் கலவை இறுகப் பிடித்திருக்கிறது. உளியை மேலிருந்து அடித்தால் கல் பிளந்துவிடும். ஓரமாக ஒரு கல்லை உடைத்துப் பலியாக்கி, அந்தப் பள்ளத்திலிருந்து அடுத்த கல்லின் அடியில் தட்டையான இரும்புப் பட்டையைப் படுக்கவாட்டில் விட்டு நெம்பினோம். அப்படிச் செய்தும் பாதிக்குப் பாதிதான் முழுசாக வந்தது. 22 வேண்டுமானால் 45 கல் உள்ள அறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் முட்டை வெள்ளைப் பூச்சு இன்னும் கண்ணாடி போல இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. கீழே இரண்டடி உயரத்துக்குச் சில இடங்களில் யாரோ முன்பு சிமெண்ட் பூசியிருந்தார்கள், அது உப்பு பூத்துக் கொப்புளித்திருந்தது. அதைத் தட்டி எடுத்து, ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பிசைந்து பூசினோம். பழைய மெருகைக் கொண்டுவர முயலவில்லை. அந்தக் கை தெரிந்தவர்கள் மிகக் குறைவு, அவசரத்தில் செய்யும் வேலையும் அல்ல. இதற்கு ஆன செலவு 64,000 ரூபாய்.

மின்சாரத்துக்கு வருவோம். வீட்டில் இருந்தது ஒற்றை பேஸ், பழைய வயரிங். அதைத் தொடவே வேண்டாம், கல்யாண மின்சாரம் முழுக்கத் தனி என்று முடிவு செய்தோம். பழைய இணைப்பில் சில பல்புகள் மட்டும் எரியும். மீதி எல்லாம் ஜெனரேட்டரிலிருந்து தனிக் கேபிளில் வரும், இரண்டும் எங்கும் ஒட்டாது. கணக்கு இப்படி: 30 நின்ற மின்விசிறி தலைக்கு 130 வாட், விளக்குக்கு 4 கிலோவாட், கிரைண்டர் இரண்டுக்கு 2.2, தண்ணீர் மோட்டார் முக்கால், ஒலிபெருக்கிக்கு 2, ஆறு அறைக்கு வாடகை ஏசி 9. மொத்தம் 22 கிலோவாட்டுக்குச் சற்றே குறைவு. 40 கேவிஏ ஜெனரேட்டர் பின்தெருவில் நின்றது. 10 சதுர மில்லிமீட்டர் கேபிள், ஒவ்வொரு கிளைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி). சமையல் இடத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறார்கள், அந்த ஆர்சிசிபியை மட்டும் யாரும் சிக்கனம் பண்ணாதீர்கள். தற்காலிக வயரிங் 92,000, ஜெனரேட்டர் வாடகை 26,000, டீசல் 180 லிட்டர்.

அந்த ஆறு ஏசியில் நாலு வீண். வளவைச் சுற்றிய அறைகளுக்குக் கனத்த கதவும் சிறிய சன்னலும்தான். சக்கரம் வைத்த ஏசியின் வெப்பக் குழாயை வெளியே விட வழியில்லாமல் பத்திப் பக்கம் விட்டார்கள். அறை குளிர்ந்தது, பத்தி கொதித்தது. ஒத்திகையிலேயே நாலையும் அணைத்துவிட்டு முன்கதவையும் பின்கதவையும் முழுக்கத் திறந்து வைத்தோம். இரண்டும் நேர்கோட்டில் இருப்பதால் காற்று வீட்டை ஊடுருவிப் போனது. மாடியில் பெண் அலங்காரத்துக்கு இருந்த இரண்டு ஏசியே போதுமாயிருந்தது.

பந்தல் விஷயம்தான் அதிகம் யோசிக்க வைத்தது. வளவு வாசலுக்குமேல் நிழல் வேண்டும், தை என்றாலும் ஒரு தூறலுக்கு உத்தரவாதம் இல்லை. பந்தல்காரர் தாழ்வார விளிம்போடு விளிம்பாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். சோதனைக்கு ஓஸ் பைப்பில் தண்ணீர் விட்டோம். ஓட்டிலிருந்து வடிந்ததும் நேராக விழுந்ததும் நடுவில் தேங்கிப் பாய் குடம் போலத் தொங்கியது. கிழிந்திருந்தால் மணமேடை மேலேயே விழுந்திருக்கும். பிரித்துவிட்டு, வளவுக்குள்ளேயே பட்டியக்கல்லை (முற்றத்து ஓரக் கருங்கல்) ஒட்டி 14 அடி இரும்புக் குழாய்களை நிறுத்தினோம். அடியில் மரப்பலகை, பலகைக்கு அடியில் சாக்கு. நடு உயரமாகவும் ஓரம் தாழ்வாகவும் சட்டம் கட்டி, பாய் ஓட்டுக்குமேல் இரண்டடி நீளும்படி விட்டோம். ஓட்டின்மேல் ஒரு கிலோ பாரம்கூட ஏறவில்லை. பாயில் விழும் தண்ணீர் ஓட்டில் இறங்கி, தாழ்வாரத் தகரக் குழிவில் ஓடி, பழைய வழியிலேயே மூலைக் குழாய்க்குப் போனது. பாய்க்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் காற்றும் வெளிச்சமும் வந்தன. 58,000 ரூபாய் ஆனது, அதில் பாதி குழாய்க்கு. குழாய்களை வாடகைக்கு எடுக்காமல் வாங்கிவிட்டோம்.

தண்ணீருக்கு, வருகிறவர்கள் 350 பேர், தலைக்கு 45 லிட்டர், சமையலுக்கு 5,000 என்று போட்டு 12,000 லிட்டர் லாரி இரண்டு சொன்னோம், சரியாக இருந்தது. வீட்டுக் கழிப்பறை மூன்றுதான், ஆகவே வாடகைக்கு எட்டு, 36,000 ரூபாய். அவற்றைக் கொல்லையின் தென்மேற்கு மூலையில் வைத்தோம். தை மாதக் காற்று வடகிழக்கிலிருந்து வரும், நாற்றம் வீட்டுப் பக்கம் திரும்பாது. வீடு கிழக்குப் பார்த்தது, அடுப்படி மேற்கே, ஆதலால் விறகுப் புகையும் அப்படியே வெளியே போய்விட்டது. கட்டியவர்கள் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். விறகடுப்பைத் தாழ்வாரத்திலிருந்து 12 அடி தள்ளியே மூட்டச் சொன்னோம். மேலே அத்தனையும் மரம்.

வயதானவர்களுக்கு முகப்பு வழி ஒத்துவராது. நாலடி உயரத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு போட்டால் 48 அடி நீளம் வேண்டும், தெருவையே அடைத்துவிடும். பின்வாசலுக்கு 15 அடிப் பலகைச் சரிவு போதுமாயிருந்தது. உள்ளே ஒவ்வொரு நிலைப்படிக்கும் இரண்டு பக்கமும் சிறிய மரச்சரிவு செய்து வைத்தார் தச்சர். அப்பத்தா சக்கர நாற்காலியில் பின்தெருவிலிருந்து மணமேடைக்கு அருகில்வரை தடங்கலின்றி வந்தார். மொத்தம் 11,500 ரூபாய். இதை நான் அலங்காரத்துக்கு முன்னால் வைப்பேன்.

பந்தி எண்ணிக்கையைக் கூடத்தின் அளவே சொல்லிவிட்டது. நாலு வரிசை, இலைக்கு இரண்டடி, கதவுகளுக்கு விட்டது போக ஒரு பந்திக்கு 104 பேர். நாலு பந்தி. காலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் இருந்தது, அது ஆறினால் வீண். அடுப்படியிலிருந்து கூடம் 38 அடி. மேஸ்திரி பணியாரச் சட்டியை மட்டும் கூடத்தின் பின்கதவுக்கு வெளியே கொண்டுவந்து வைத்துக்கொண்டார், எண்ணெய் வடிந்ததும் இலைக்குப் போனது. கவுனி அரிசி முதல் நாள் இரவே ஊறியது. கந்தரப்பம் முந்திய மாலையே போட்டாயிற்று.

தங்கும் இடத்துக்கு எங்கள் ஊரிலேயே ‘விசாலம்’, கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’, காரைக்குடியில் ‘பங்களா’ போன்ற பாரம்பரிய வீட்டு ஓட்டல்கள் உண்டு, ஆனால் அறைகள் குறைவு. பெரும்பாலான உறவினரைப் பங்காளிகள் வீடுகளிலும் காரைக்குடி லாட்ஜுகளிலும் தங்கவைத்தோம். சென்னையிலிருந்து வந்தவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ், மலேசியா சிங்கப்பூர்க்காரர்களுக்குத் திருச்சி விமானநிலையத்திலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் கார்.

கல்யாணத்தன்று வீடு எதற்கும் திணறவில்லை. இரு வீட்டார் கோவில் மாலையும் வந்தது. ஆச்சிமார் பச்சரிசி மாவில் நடுவீட்டுக் கோலம் போட்டார்கள், அது தளத்துக்கு ஒரு கெடுதலும் செய்யாது, ஈரத்துணியில் போய்விடும். குத்துவிளக்கு ஒவ்வொன்றுக்கும் அடியில் பித்தளைத் தாம்பாளம். ஆலத்தியைப் பட்டியக்கல்மேல் நின்று எடுக்கச் சொன்னோம், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு ஆத்தங்குடிக் கல்லில் விழுந்தால் உள்ளே இறங்கிவிடும். சீர்ச் சாமான் பரப்பிய இடத்தில் இரட்டை ஜமக்காளம் விரித்ததால் எவர்சில்வர் அண்டாக்கள் தரையைக் கீறவில்லை. நாதஸ்வரத்துக்கு மைக் வேண்டியிருக்கவில்லை. கல்லும் தேக்குமான வளவில் தானாகவே நிறைந்து ஒலித்தது. திருப்பூட்டு (தாலி கட்டுவது) முடிந்து இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தப் பத்திரம்) எழுத உட்கார்ந்தபோதுதான் பத்தியில் வெளிச்சம் போதவில்லை என்று தெரிந்தது, யாரோ போன் விளக்கைப் பிடித்தார்கள். அந்த இடத்துக்கு ஒரு மேசை விளக்கு தனியாகக் குறித்து வையுங்கள். மாலையில் பெண் அழைப்பு பள்ளத்தூருக்கு, பக்கத்து ஊர்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில. ஏசி இரண்டுக்கு மேல் வேண்டாம், அப்படியானால் 25 கேவிஏ ஜெனரேட்டரே போதும். கூடல்வாயில் சிமெண்ட் கூடாது. பெயர்க்கக் கற்களைத் தேடும் முன் கொல்லை அறைகளின் தளங்களை எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். பாத்திரம் கழுவும் இடத்தைத் தூம்பு வாயிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். எங்களுக்கு மறுநாளே சோற்றுப் பருக்கை சேர்ந்து பிளாச்சை மறுபடி எடுக்க வேண்டி வந்தது.

வரும் ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணம் இதே வளவில். 14 அடிக் குழாய்களும் மரச்சரிவுகளும் எண் எழுதி இரண்டாங்கட்டில் அடுக்கியிருக்கின்றன, அளவுத் தாளின் நகல் சித்தப்பாவிடம் போய்விட்டது. ஆவணியில் மாலை மழை அடிக்கடி வரும், காற்றும் மேற்கேயிருந்து வரும். அதனால் கழிப்பறைகளை எதிர் மூலைக்கு மாற்ற வேண்டும், விறகடுப்புக்குப் பதில் காஸ் வைப்பது நல்லது. ஆனி முடிவதற்குள் தாழ்வாரத் தகரத்தில் விழுந்த இலைகளை வாரச் சொல்லியிருக்கிறேன்.